நள்ளிரவுச் சூரியனும் உறங்காத நெஞ்சும்

திரைப்படம் ஒளியால் எழுதப்படும் கலை என்பர். இக்கூற்றில் பாதி உண்மையே உள்ளது. ஒளிக்கு எத்துணை இடம் உண்டோ அத்துணை இடம் இருளுக்கும் அக்கலையில் உண்டு. கள்வன் வருவதும், காதலர் சந்திப்பதும், சூழ்ச்சி உருவாவதும், குற்றவாளி தன் நெஞ்சோடு தனித்திருப்பதும் திரையில் பெரும்பாலும் இருளிலேயே நிகழ்கின்றன. அவ்வாறாயின், இரவு வந்தும் இருள் வராத ஒரு நிலத்தில் கதை சொல்லப் புகும் இயக்குநர் என் செய்வார்? கோடையில் இரண்டு திங்களுக்கு மேல் கதிரவன் மறையாத வடகோடி நாடுகளை எடுத்துக்கொண்ட மூன்று திரைப்படங்களை முன்வைத்து இவ்வினாவிற்கு விடை காண முயல்வோம்.

அம்மூன்றாவன: 1997இல் நார்வே நாட்டில் எரிக் ஷோல்பியார்க் இயக்கிய 'இன்சோம்னியா', அதே கதையை அமெரிக்காவின் அலாஸ்காவிற்கு மாற்றி 2002இல் கிறிஸ்டோபர் நோலன் அதே பெயரில் இயக்கிய படம், ஸ்பெயின் நாட்டு ஹூலியோ மேதெம் 1998இல் எடுத்த 'வடதுருவ வட்டத்துக் காதலர்'. 'இன்சோம்னியா' என்ற சொல்லுக்கு உறக்கமின்மை என்பது பொருள். நள்ளிரவுச் சூரியனைப் படம் பிடிப்பது எளிது. அச்சூரியனுக்குக் கீழுள்ள நள்ளிரவைப் படம் பிடிப்பதே அரிது என்பதை இம்மூன்று படங்களும் தத்தம் வழியில் உணர்த்துகின்றன என்பது நம் துணிபு.

கருவி காணாத ஒன்று

முதலில் இயற்கையின் செய்தியைச் சுருக்கமாக நோக்குவோம். புவியின் அச்சு ஏறத்தாழ 23.5 பாகை சாய்ந்திருத்தலால், வடக்கே 66 பாகை 33 கலை அளவில் அமைந்த துருவ வட்டத்திற்கு அப்பாலுள்ள ஊர்களில் கோடையில் சில நாட்களேனும் கதிரவன் அடிவானத்தின்கீழ் இறங்குவதில்லை. வடக்கே செல்லச் செல்ல அந்நாட்கள் பெருகும். நார்வேயின் ட்ரோம்ஸோ நகரில் மே 20 அளவில் தொடங்கி சூலை 22 அளவு வரை இந்நிலை நீடிக்கிறது. நள்ளிரவில் கதிரவன் வடதிசையில் தாழ இறங்கி, அடிவானத்தைத் தொடாமலே மீண்டும் மேலேறுகிறது.

இதைக் காண உலகெங்கணுமிருந்து மக்கள் செல்கின்றனர். நார்வேயின் வடமுனைக்கு 1907ஆம் ஆண்டிலேயே சயாம் மன்னர் சூலலங்கார்ன் சென்றுவந்தார். அன்றுதொட்டு இன்றுவரை அங்கே நிறுத்தப்பட்ட படக்கருவிகளுக்குக் கணக்கில்லை. ஆயின் அப்படங்களைப் பார்ப்போர் ஒன்றை எளிதில் உணர்வர். கடலின்மேல் தாழ நிற்கும் செந்நிறச் சூரியன். நீரில் பொன்னிறப் பாதை. இது நள்ளிரவா, மாலையா, விடியலா? கன்னியாகுமரியில் எடுத்த மாலைப் படத்திற்கும் வடமுனையில் எடுத்த நள்ளிரவுப் படத்திற்கும் வேறுபாடு காண்பது எளிதன்று. படத்தின்கீழ் நேரத்தை எழுதிவைத்தாலன்றி வியப்பு பிறப்பதில்லை. கருவி ஒளியை அறியும், மணியை அறியாது.

கதைப்படம் எடுப்போர்க்கு இவ்விடர்ப்பாடு இன்னும் பெரிது. பகலில் படம் பிடித்து அதை இரவாகக் காட்டும் உத்தி திரையுலகில் பழமையானது. பிரெஞ்சுக்காரர் அதனை 'அமெரிக்க இரவு' என்பர். த்ரூஃபோ 1973இல் எடுத்த புகழ்பெற்ற படம் ஒன்றிற்கு அப்பெயரையே சூட்டினார். வடகோடிக் கோடையிலோ நிலைமை தலைகீழ். இரவே பகல்போல் தோன்றும். அப்பகலை இரவென்று பார்வையாளரை நம்பச் செய்தல் வேண்டும். விளக்கு ஏற்றி இரவைக் காட்ட இயலாது. நிழலால் அச்சத்தைக் காட்ட இயலாது. எஞ்சுவன ஆளற்ற தெரு, அடைத்த கடை, சுவர்க் கடிகாரம், இழுத்து மூடிய திரைச்சீலை ஆகியனவே. இவற்றுக்கெல்லாம் மேலாக எஞ்சுவது, உறங்க முடியாத ஒரு மனிதனின் முகம்.

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனக் கொண்ட தொல்காப்பிய மரபில் வந்த நமக்கு இச்சிக்கல் எளிதில் விளங்கும். மாலை, யாமம், வைகறை எனச் சிறுபொழுதைப் பகுத்து, ஒவ்வொன்றையும் ஓர் உணர்வோடு இணைத்துக் கண்டது நம் அகமரபு. யாமமே இல்லாத நிலத்தில் யாமத்திற்குரிய உணர்வு எங்கே சென்று ஒடுங்கும்? இவ்வினாவைக் கையிற்கொண்டு அப்படங்களுக்குள் நுழைவோம்.

ஒளியே மறைப்பாதல்

ஷோல்பியார்க்கின் முதல் முழுநீளப் படம் 'இன்சோம்னியா'. ட்ரோம்ஸோவில் தன்யா என்னும் இளம்பெண் கொலையுண்கிறாள். துப்புத் துலக்க வருகிறான் யூனாஸ் எங்ஸ்ட்ரோம். அவன் சுவீடன் நாட்டவன், நார்வேயில் பணிபுரிபவன். இவ்வேடத்தை ஏற்றவர் ஸ்டெலன் ஸ்கார்ஸ்கோர்ட். கொலைஞனைப் பொறிவைத்துப் பிடிக்க முயலும்போது கடலோரம் எங்கும் பனிமூட்டம் சூழ்கிறது. அம்மூட்டத்தில் எங்ஸ்ட்ரோம் சுட, குண்டு பாய்வது அவனுடைய கூட்டாளியான எரிக் விக் மீது. கூட்டாளி இறக்கிறான். எங்ஸ்ட்ரோம் உண்மையைச் சொல்லவில்லை. பழி கொலைஞன்மேல் விழ விட்டுவிடுகிறான்.

இக்காட்சியின் நுட்பம் கருதத்தக்கது. 1946இல் பிரெஞ்சுத் திறனாய்வாளர் 'கறுப்புப் படம்' எனப் பெயரிட்ட அமெரிக்கக் குற்றப்படங்களில் இருள்தான் உண்மையை மறைக்கும். இங்கோ மறைப்பது வெண்மை. ஒளி குறைந்ததால் அவன் தவறவில்லை. பனியில் சிதறிய ஒளி மிகுந்து எல்லாம் ஒரே வெள்ளையாகிப் போனதால் தவறினான். ஒளி உண்மையைக் காட்டும், இருள் மறைக்கும் என்று நாம் இயல்பாகக் கொண்டுள்ள நம்பிக்கையை இப்படம் தொடக்கத்திலேயே அசைத்துவிடுகிறது.

அப்படம் வந்த காலத்தில் நார்வேக் காவலர் பொதுவாகத் துப்பாக்கி ஏந்திச் சென்றதில்லை. எங்ஸ்ட்ரோமோ அயல்நாட்டுப் பழக்கத்தால் தன் துப்பாக்கியை உடன் வைத்திருக்கிறான். ஆகவே அக்குண்டே அவனுக்கு எதிரான சாட்சி. அச்சாட்சியை மாற்றுதற்பொருட்டு அவன் தெருவில் திரியும் நாயொன்றைச் சுட்டு அதன் உடலிலிருந்து குண்டை எடுக்கிறான். கைப்பிழையாக நேர்ந்த ஒரு சாவு, பொய்யறிக்கையாகி, தடயத்தைத் திருத்தும் செயலாகி, பின் பெண்களிடம் வரம்பு மீறும் கயமையாகவும் வளர்கிறது. கொலைஞனோ குற்றக்கதை எழுதும் எழுத்தாளன். யோன் ஹோல்ட் என்பது அவன் பெயர். நடந்ததைக் கண்டவன் அவன் ஒருவனே. பிடிக்க வந்தவனும் பிடிபட வேண்டியவனும் ஒரே பொய்க்குப் பங்காளிகள் ஆகின்றனர்.

இவையனைத்தும் விடுதியறையின் சன்னலுக்கு எதிரே நிகழ்கின்றன. எங்ஸ்ட்ரோம் திரையை இழுக்கிறான், இடுக்குகளை அடைக்கிறான், எப்பக்கம் திரும்பினும் வெளிச்சம் புகுந்துவிடுகிறது. ஒளிப்பதிவாளர் எர்லிங் தூர்மன்-ஆண்டர்சன் இங்கே பொன்னிறச் சூரியனைக் காட்டி நம்மை மயக்கவில்லை. அவர் காட்டுவது வெளிறிய, சாயம்போன, மருத்துவமனைச் சுவர் போன்ற ஒளி. அழகுக்காட்சி எடுப்போன் கருவியைச் சூரியனை நோக்கித் திருப்புவான். இவரோ சூரியனுக்கு முதுகு காட்டி மனிதனை நோக்கித் திருப்பினார். அதனாலேயே படம் முழுதும் நள்ளிரவு உணரப்படுகிறது. நாம் மேலே எழுப்பிய வினாவிற்கு விடையும் இதுவே: வெளியே ஒடுங்க இடமில்லாத யாமம் மனிதனுக்குள்ளே சென்று ஒடுங்கிவிடுகிறது.

அலாஸ்காவில் ஒரு மறுபதிப்பு

நோலனின் படத்தில் காவலன் பெயர் வில் டார்மர். நடித்தவர் அல் பசீனோ. உறக்கத்தைக் குறிக்கும் இலத்தீன் வேர்ச்சொல் அப்பெயரில் ஒளிந்திருத்தல் நோக்கத்தக்கது. கொலைஞன் வால்டர் ஃபின்ச் ஆக ராபின் வில்லியம்ஸ் நடித்தார். நகைச்சுவைக்குப் பேர்போன அந்நடிகரின் அமைதியான குரல் இப்படத்தில் தரும் அச்சம் மறக்கற்பாலதன்று.

கதை நிகழிடம் நைட்மியூட் எனப்படுகிறது. அப்பெயரில் அலாஸ்காவில் உண்மையாகவே ஓர் ஊர் உண்டு. ஆனால் அது ஏறத்தாழ 60 பாகையில், துருவ வட்டத்திற்குத் தெற்கே அமைந்தது. அவ்வூரில் கோடை இரவு வெளிறியிருக்குமேயன்றி நள்ளிரவில் சூரியன் நிற்பதில்லை. படத்தின் பெரும்பகுதி எடுக்கப்பட்டதோ இன்னும் தெற்கே, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில். ஆகவே திரையில் நாம் காணும் நள்ளிரவு ஒளி பெரும்பாலும் ஒளிப்பதிவாளர் வாலி ஃபிஸ்டரின் கைத்திறனால் ஆக்கப்பட்டது. இதனைக் குறையென்பார் உளர். நிலநூல் தேர்வில் அது குறையே. கலைத்தேர்வில் அன்று என்பது நம் கருத்து. அதற்குச் சான்றாக ஒரு காட்சியைச் சுட்டலாம்.

பல இரவுகள் உறங்காத டார்மர், விடுதியறையின் சன்னலை மறைக்கத் தட்டுமுட்டுப் பொருள்களையெல்லாம் தள்ளி அடுக்குகிறான். ஓசை கேட்டு விடுதியை நடத்தும் பெண் வருகிறாள். அறையில் வெளிச்சம் தாங்க முடியவில்லை என்கிறான் அவன். அறை இருட்டாகத்தான் இருக்கிறது என்கிறாள் அவள், விளக்கைப் போடுகிறாள். அப்போதுதான் அறை எத்துணை இருண்டிருந்தது என்பது நமக்கே தெரிகிறது. நாமும் இதுகாறும் அவன் கண்ணால் பார்த்து வந்திருக்கிறோம்! அவனைச் சுட்டது வானத்துச் சூரியன் அன்று. இவ்வொரு காட்சியில் மறுபதிப்பு மூலத்தை விஞ்சிவிடுகிறது எனத் துணிந்து கூறலாம். துருவ வட்டத்திற்குள் சென்று எடுக்கப்படாத படம், அவ்வட்டத்தின் உட்பொருளைத் தொட்டுவிட்டது.

எனினும் கதையின் பிற்பகுதியில் நோலன் சற்றே பின்வாங்குகிறார். மூலத்தில் எங்ஸ்ட்ரோமுக்குத் தன் கூட்டாளியைக் கொல்லக் காரணம் ஏதுமில்லை. அது வெறும் கைப்பிழை. மறுபதிப்பிலோ கூட்டாளி ஹாப் எக்கார்ட், டார்மருக்கு எதிரான துறை விசாரணைக்கு ஒத்துழைக்க முன்வந்தவன். ஆகவே பனிமூட்டத்தில் சுட்டது கையா, உள்மனமா என்னும் ஐயம் டார்மருக்கே எழுகிறது. இது நல்ல சேர்க்கை. ஆனால் அவன் முன்பு ஒரு வழக்கில் பொய்த்தடயம் வைத்ததற்கும், ஒரு கொடியவன் தப்பிவிடக் கூடாதே என்ற நியாயம் கற்பிக்கப்படுகிறது. மூலத்தில் வந்த உயிருள்ள நாய், இங்கே முன்னரே செத்துக் கிடக்கும் நாயாகிறது. பெண்களிடம் காட்டிய கயமை முற்றும் நீக்கப்பட்டது. கதைத்தலைவன்பால் பார்வையாளர் இரக்கம் குன்றக் கூடாது என்னும் பெருந்திரைத் தொழிலின் கவலையே இம்மாற்றங்களுக்குக் காரணம் எனலாம்.

முடிவுகளை ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். அமெரிக்கப் படத்தில் டார்மர், ஃபின்ச்சைச் சுட்டுத் தானும் குண்டடிபட்டு இறக்கிறான். இளங்காவலர் எல்லி பர், அவன் குற்றத்திற்குச் சான்றான தோட்டாவுறையை எறிந்துவிட முற்படுகிறாள், அவன் தடுத்துவிடுகிறான். தன் வழி தவறியது போதும், இவள் வழியும் தவற வேண்டாம் என்பது அவன் எண்ணம். இறுதியில் அவன் வேண்டுவது உறக்கம் ஒன்றே; அது கிட்டுகிறது. உயர்ந்த முடிவுதான், கண்கலங்கச் செய்வதும்கூட.

நார்வேப் படத்தின் முடிவு வேறு. ஹோல்ட் கடலோரத்தில் உளுத்த பலகை முறிந்து விழுந்து மாள்கிறான். வழக்கு முடிகிறது. உண்மையை ஊகித்துவிட்ட ஹில்டே ஹாகன் என்னும் காவல் பெண், தான் கண்டெடுத்த தோட்டாவுறையை எங்ஸ்ட்ரோம் முன் வைத்துவிட்டுச் சென்றுவிடுகிறாள். தண்டனை இல்லை, மன்னிப்பும் இல்லை. அவன் வண்டியோட்டித் திரும்பிச் செல்கிறான். திரை இருள்கிறது, அவனுடைய இரு கண்கள் மட்டும் இருளில் ஒளிர்கின்றன. படம் முழுதும் அவன் ஏங்கிய இருள் வந்துவிட்டது. ஆயின் கண் மூடவில்லை.

கோப்புகளோடு காலம் கழிக்கும் நம்போன்றோர்க்கு இம்முடிவு தனிப்பொருள் தருவது. ஒரு கோப்பில் எல்லாத் தாள்களும் வரிசையாக இருக்கலாம்; குறிப்புகள் பிழையின்றி எழுதப்பட்டிருக்கலாம்; மேலொப்பமும் பெற்றிருக்கலாம். அதனால் அதிலுள்ளது உண்மை என்று ஆகிவிடாது. எங்ஸ்ட்ரோமின் கோப்பு ஒழுங்காக முடிக்கப்பட்ட கோப்பு. அதைத் திறக்க இனி யாரும் வரப்போவதில்லை. அவன் தண்டனையே அதுதான். பொய்த்தவனுக்கு ஒறுப்பு வெளியிலிருந்து வரவேண்டியதில்லை என்று வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் உணர்த்தியதை வாசகர் ஈண்டு நினைவுகூரலாம். இக்காரணத்தால் இரு படங்களுள் மூலமே மேம்பட்டது என்று நாம் முடிவு செய்கிறோம். நோலன் குற்றவாளிக்கு இரவைத் தந்துவிட்டார். ஷோல்பியார்க் தரவில்லை.

காத்திருக்கும் சூரியன்

உறங்காத சூரியன் குற்றத்திற்கு மட்டுமே சாட்சியா? அன்று என்கிறது மேதெமின் படம். அனா, ஓட்டோ என்னும் இருவர் சிறுவயதில் சந்தித்து, காதலித்து, பிரிந்து, பல்லாண்டு கழித்துப் பின்லாந்தின் வடபகுதியில் மீண்டும் சந்திக்க முனையும் கதை அது. அவ்விரு பெயர்களும் அவர்கள் மொழியில் முன்னிருந்து படிப்பினும் பின்னிருந்து படிப்பினும் மாறாதவை. நம் யாப்பில் மாலைமாற்று என்று வழங்கும் அமைப்பை இதனோடு ஒப்பிடலாம். கதையும் ஒருகால் அவன் பார்வையிலும் ஒருகால் அவள் பார்வையிலுமாக மாறிமாறிச் சுழல்கிறது.

ஏரிக்கரையில் நாற்காலியிட்டு அமர்ந்து, மறையாத சூரியனைப் பார்த்தபடி அனா காத்திருக்கிறாள். வாழ்வின் பெருந்தற்செயல் ஒன்று தன்னைத் தேடி வரும் என்பது அவள் நம்பிக்கை. இங்கே அதே சூரியன் குற்றம் சாட்டவில்லை. நாளை முடிய விடாமல் நிறுத்தி வைக்கிறது. நாள் முடியாதவரை நம்பிக்கையும் முடிவதில்லை அல்லவா? ஏங்ஸ்ட்ரோமுக்கு எது வதையோ அதுவே அனாவுக்கு வரம். படத்திற்கு இரு முடிவுகள் அமைந்துள்ளன. ஒன்றில் காதலர் கூடுகின்றனர்; மற்றொன்றில் பேருந்து மோதி அவள் மடிய, இறந்த அவள் கண்களில் ஓட்டோ தன் உருவைக் காண்கிறான். நார்வேப் படம் ஒளிரும் கண்களில் முடிந்தது போல இப்படமும் கண்களிலேயே வந்து முடிவது எண்ணத்தக்க ஒற்றுமை. சூரியனைத் தேடிச் சென்ற இருவேறு கலைஞரும் ஈற்றில் மனிதக் கண்ணையே படமெடுத்துத் திரும்பினர்.

தற்செயல்களை அளவிறந்து அடுக்கியிருத்தல் இப்படத்தின் குறை. இயக்குநரின் கை ஆங்காங்கே வெளிப்பட்டுவிடுகிறது. எனினும் ஏரிக்கரைக் காட்சி ஒன்றிற்காகவே அதனைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அந்நிலத்து மக்கள்

இம்மூன்று படங்களுக்கும் பொதுவான ஒரு குறையைச் சொல்லாது விடுதல் நடுநிலை ஆகாது. மூன்றிலும் வடகோடிக்குச் செல்வோர் வெளியார். அவ்வொளி அவர்களுக்கு வதை அல்லது வியப்பு. அங்கேயே பிறந்து வாழ்வோருக்கு அஃது எத்தகையது? ட்ரோம்ஸோவில் நவம்பர் இறுதி முதல் சனவரி நடுப்பகுதி வரை சூரியன் எழுவதே இல்லை. அத்துணை இருளைக் கடந்தவர்க்குக் கோடையொளி என்பது கைக்கு வந்த நிலுவைத் தொகை போன்றது. அதை உறங்கிக் கழிக்க அவர்கள் விரும்புவதில்லை. மேலும், நார்வே, பின்லாந்து ஆகியவற்றின் வடபகுதி சாமி இனத்தாரின் தாயகம். அலாஸ்காவின் நைட்மியூட் யூப்பிக் மக்களின் ஊர். இம்மக்கள் எவரும் மேற்கண்ட கதைகளின் நடுவில் இல்லை. நிலம் கிடைத்தது; நிலத்துக்குரியோர் பார்வை கிடைக்கவில்லை.

இதற்கு ஓரளவு மறுமொழியாக அமைந்தது பின்லாந்தின் சோடன்கிலா என்னும் சிற்றூரில் நிகழும் திரைப்பட விழா. துருவ வட்டத்திற்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் வடக்கே அமைந்த அவ்வூரில், கௌரிஸ்மாக்கி உடன்பிறந்தார், பீட்டர் ஃபோன் பாக் முதலியோர் முன்னின்று 1986இல் இவ்விழாவைத் தொடங்கினர். நள்ளிரவுச் சூரியன் திரைப்பட விழா என்பதே அதன் பெயர். இரவு பகல் பாராது படங்கள் காட்டப்படுகின்றன. பின்னிரவில் படம் பார்த்துவிட்டு வெளியே வருவோரை வெயில் எதிர்கொள்கிறது. சூரியன் மறுத்த இருளை மனிதர் ஓர் அரங்கிற்குள்ளும் கூடாரத்திற்குள்ளும் தாமே உண்டாக்கி, அதில் அருகருகே அமர்ந்து கதை காண்கின்றனர். இருளை அஞ்சியன்று, விரும்பித் தேடுகின்றனர். கலைக்கு இருள் எதற்கு என்பதற்கு இதனினும் சிறந்த விளக்கம் வேண்டுவதில்லை.

ஆகவே, நள்ளிரவுச் சூரியனைப் படமாக்கப் புகுவோர்க்குத் துருவ வட்டம் கடந்து செல்லும் வழிச்செலவு மட்டும் போதாது. அவ்வொளி யார் முகத்தில் விழுகிறது, அவர் எதை மறைக்கிறார், யாருக்காகக் காத்திருக்கிறார் என்பதை அறியும் நெஞ்சும் வேண்டும். ட்ரோம்ஸோவின் வெளிறிய அறையும், அலாஸ்காக் கதையின் இருண்ட அறையும், பின்லாந்தின் ஏரிக்கரையும் நமக்குக் கற்பிப்பது இதுவே. இப்படங்களைக் காணும் வாய்ப்புப் பெறும் அன்பர்கள் முதலில் நார்வேப் படத்தையும், பின் நோலன் படத்தையும், இறுதியில் மேதெமின் படத்தையும் இவ்வரிசையிலேயே காண்பாராக. முதலிரண்டில் ஒளியைக் கண்டு அஞ்சிய மனம், மூன்றாவதில் அதே ஒளியின்கீழ் சற்று இளைப்பாறும்.